வெட்டியது எவ்வளவு, தள்ளிவைத்தது எவ்வளவு?

கேள்வி: ஐயா, நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். 22 வருடமாகப் புதுச்சேரியில், அரசு மானியத்தில் ஓடும் ஒரு சொசைட்டியில் வேலை. போன வருடம்தான் கண்காணிப்பாளர் ஆனேன். இந்த வருடமும் மானியம் முழுதாக வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம் தாமதமாகத்தான் கிடைத்தது. "சம்பளச் செலவை 15 சதவீதம் குறைக்க வழி சொல்லி பத்து நாளில் குறிப்பு வையுங்கள்" என்று மேலதிகாரி கோப்பை என் மேசைக்கு அனுப்பிவிட்டார். நிரந்தர ஊழியர் 42 பேர், மாதச் சம்பளம் 26,04,000 ரூபாய். வவுச்சரில், அதாவது நிரந்தரம் இல்லாமல் சீட்டு எழுதிக் கூலி வாங்குபவர்கள், 19 பேர், ஆளுக்கு 12,000. "முதலில் வவுச்சர் ஆட்களை நிறுத்து, அப்புறம் படிகளில் கை வை, யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். 42 பேரில் ஐந்து பேர் சம்பளம் எங்களிடம் வாங்கிக்கொண்டு வேறு அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள்; அதை எழுதலாமா என்று தெரியவில்லை. மூன்று பேர் அடுத்த 14 மாதத்தில் ஓய்வு பெறுகிறார்கள். வாடகைக் கார் இரண்டு ஓடுகிறது, ஒன்றுக்கு மாதம் 38,000. எந்தப் படியைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது? நாளைக்கு வழக்கு வந்தால் என் தலையில் விடியுமா? என் மனைவி கடலூரில் தமிழ்நாடு அரசு அலுவலகத்தில் உதவியாளர். "எங்க சரண்டரை நிறுத்தினப்போ, கவர்மென்ட்டுக்கு வேற வழி இல்லைன்னு சொன்னீங்களே, இப்ப நீங்களே வழி கண்டுபிடிங்க" என்று சிரிக்கிறார். அவருக்கு ஈட்டிய விடுப்பு 198 நாள் இருக்கிறது, இன்னும் 9 வருட சர்வீஸ். இப்போது சரண்டர் செய்து விடுப்பைப் பணமாக வாங்குவதா, சேர்த்து வைப்பதா? அதையும் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டம்மா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்புகிறீர்கள். அவர் கடலூருக்குள்ளேயே நின்றுவிடுகிறார். நீங்கள் பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, முள்ளோடை தாண்டி வேறொரு அரசின் கணக்குக்குள் போகிறீர்கள். சிக்கனம் என்று வந்தபோது இரண்டு அரசும் ஒரே கத்தியைத்தான் எடுத்தன. எவ்வளவு நாள் அறுத்தன என்பதில்தான் வித்தியாசம்.

2020 ஏப்ரலில் மத்திய அரசு மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தியது. புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசு விகிதம்தான், அதனால் அங்கும் நின்றது. தமிழ்நாடும் அதே மாதம் அதே வழியில் போனது. 30,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 2020 ஜனவரியில் வரவேண்டியது 4 சதவீதம், ஜூலையில் 3, 2021 ஜனவரியில் 4. முதல் ஆறு மாதம் மாதத்துக்கு 1,200 ரூபாய் போனது. அடுத்த ஆறு மாதம் 2,100. அதற்கடுத்த ஆறு மாதம் 3,300. மொத்தம் 39,600. 2021 ஜூலையில் மத்திய அரசு 17 சதவீதத்திலிருந்து 28-க்கு ஏற்றி, பிறகு அதே ஜூலை தேதியிட்டு 31 ஆக்கியது. தமிழ்நாட்டில் அந்த 31 சதவீதம் 2022 ஜனவரி 1 முதல்தான் வந்தது. ஆக, கடலூர் ஊழியருக்கு இன்னும் ஆறு மாதம், மாதம் 4,200 வீதம் 25,200 ரூபாய் கூடுதலாகப் போய் மொத்தம் 64,800 ஆனது. ஒரே அடிப்படைச் சம்பளம், நடுவே ஒரு ஆறு!

இது உண்மையான வெட்டு. அரியர் கிடையாது என்று உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள். மத்திய அரசு இதில் மிச்சம் பிடித்தது 34,402 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஒரே ஒரு இடத்தில் இறங்கி வந்தார்கள்: அந்த 18 மாதத்துக்குள் ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியருக்குப் பணிக்கொடையும் விடுப்புப் பணமும் கணக்கிடும்போது மட்டும், நிறுத்திய படி கிடைத்ததாகவே பாவித்துக் கொடுக்கச் சொல்லி 2021 செப்டம்பரில் உத்தரவு வந்தது. இல்லாவிட்டால் ஒன்றரை வருட நெருக்கடி ஒருவருடைய ஆயுட்காலப் பணத்தையே குறைத்திருக்கும். உங்கள் குறிப்பிலும் இந்த மாதிரி ஒரு விதிவிலக்கு வேண்டும், ஓய்வு பெறப்போகும் அந்த மூன்று பேருக்காக.

சரி, சரண்டருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020 ஏப்ரல் கடைசியில் ஒரு வருடத்துக்கு என்று நிறுத்தினார்கள். வருடா வருடம் நீட்டி, 2025 அக்டோபர் 1-இல்தான் திரும்ப வந்தது. உங்கள் மனைவிக்கு ஐந்து முறை போயிருக்கும், முறைக்கு 15 வீதம் 75 நாள். அந்த 75 நாளும் அரசுக்கு மிச்சமா? இல்லை. அவை அவருடைய விடுப்புக் கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த 198-க்குள் அவையும் அடக்கம். நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்று கையிருப்பு 123 ஆக இருந்திருக்கும்.

இனி வருடத்துக்கு 30 நாள் சேரும், 15 சரண்டர், ஐந்து நாள் எடுப்பார் என்று வைத்தால் வருடம் 10 நாள் ஏறும். 123-இலிருந்து ஏறியிருந்தால் ஒன்பது வருடத்தில் 213. ஆனால் 198-இலிருந்து ஏறுவதால் நாலு வருடம் தாண்டியதுமே 240 என்ற உச்சவரம்பைத் தொட்டுவிடும், அதற்கு மேல் ஏறாது. இரண்டுக்கும் வித்தியாசம் 27 நாள். அந்த 27 நாளை அரசு ஓய்வின்போது கொடுக்கத்தான் போகிறது, அதுவும் 2020-இன் சம்பளத்தில் அல்ல, கடைசி மாதச் சம்பளத்தில். மிச்சம் 48 நாள்தான் உண்மையில் வெட்டு. வெளியே சொல்லப்பட்டது 75 நாள் சிக்கனம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், விலை ஏறிய பிறகு கட்ட வேண்டிய கடன். கொஞ்சம் வயது குறைந்த ஊழியராக இருந்து, அவசரத்துக்கு விடுப்பு எடுத்துக் கரைப்பவராகவும் இருந்தால் கணக்கே வேறு மாதிரி போகும்.

ஓய்வு வயதும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 2020 மே மாதம் 58-ஐ 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60. அந்த வருடம் கொடுக்க வேண்டிய பணிக்கொடை, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), விடுப்புப் பணம் எல்லாம் தள்ளிப்போனது. கருவூலத்துக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அதே ஆட்களுக்கு இரண்டு வருடம் உச்சச் சம்பளம் கொடுத்து, பிறகு அதைவிடப் பெரிய தொகையை ஓய்வின்போது கொடுத்தார்கள். சீட்டுப் பணத்தை அடுத்த மாதம் கட்டுகிறேன் என்பதற்கும் சீட்டையே கட்டவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நம் அலுவலகங்களில் இரண்டையும் "சிக்கன நடவடிக்கை" என்ற ஒரே தலைப்பில் எழுதிவிடுகிறோம்.

அதனால் உங்கள் குறிப்பில் மூன்று பத்தி போடுங்கள். வெட்டியது, தள்ளிவைத்தது, வேறு தலைப்புக்கு மாற்றியது. ஒவ்வொரு யோசனையும் எந்தப் பத்தியில் விழுகிறது என்று பாருங்கள். நான் சொல்ல வந்தது இதுதான், மீதியெல்லாம் உங்கள் எண்களை அந்தப் பத்திகளில் போட்டுப் பார்ப்பது.

வவுச்சர் ஆட்களை எடுத்துக்கொள்வோம். 19 பேருக்கும் சேர்த்து 2,28,000. மொத்தச் செலவு 28,32,000. உங்களிடம் கேட்ட 15 சதவீதம் 4,24,800. பத்தொன்பது பேரையும் நாளை காலை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் கிடைப்பது 8 சதவீதம்தான். பாதி தூரம் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. "முதலில் அவர்களை நிறுத்து" என்று சொன்னவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. கேட்க ஆளில்லாத இடம் அது என்பதால் சொல்கிறார்கள்.

அப்புறம் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்துக் காவலுக்கு ஆள் இல்லை, கூட்ட ஆள் இல்லை என்று ஏஜென்சியைக் கூப்பிடுவார்கள். ஏஜென்சி பில் எப்படி வரும்? கூலி 12,000. முதலாளி பங்கு பி.எஃப். 13 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 390. சர்வீஸ் சார்ஜ் ஐந்து சதவீதம் என்று வைத்தால் 698. இத்தனைக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 2,637. ஆக 17,285 ரூபாய். அந்த ஊழியர் கையில் வாங்குவதோ, அவர் பங்கு பிடித்தம் போக 10,470. ஆளுக்கு 5,285 அதிகம், 19 பேருக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். ஆனால் இது சம்பளத் தலைப்பில் வராது, அலுவலகச் செலவில் போய்விடும். சம்பளச் செலவு 8 சதவீதம் குறைந்தது என்று ஆட்சிக்குழுவில் கைதட்டுவார்கள். மூன்றாவது பத்தி என்று நான் சொன்னது இதைத்தான்.

இதில் ஒரு கிளைக் கேள்வி. இப்போது அந்த 19 பேருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறீர்களா? கட்டவில்லை என்றால் அதுவே ஒரு பாக்கி. இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத பாக்கி. குறிப்பில் இதைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்தால் நாளை தணிக்கையில் உங்கள் பெயரோடு வரும்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். கணக்குத் துறையில் இருந்த காலத்தில் ஒரு அலுவலகத்தில் இதேபோல் சிக்கனக் குறிப்பு வந்தது. தினக்கூலியில் ஒருவர் இருந்தார். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, மழைக்காலத்தில் பின்பக்கக் கால்வாயில் அடைப்பு எடுப்பது அவர் வேலை. அவரை எடுத்தோம். அந்தக் கோப்பில் "உடன்படுகிறேன்" என்று எழுதியது நான்தான். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் பதிவறைக்குள் வந்துவிட்டது. எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பணிப்பதிவேடுகள் ஊறிப்போயின. நனைந்த பதிவேட்டை வைத்து ஓய்வூதியக் கருத்துரு அனுப்ப முடியாது, பழைய பே பில்களைத் தேடித் திரும்ப எழுத வேண்டும். ஆறு பேருக்கு ஓய்வூதியம் இழுத்தடித்தது. அவர்களில் ஒருவர் என்னை எங்கே பார்த்தாலும் "என்ன சார், மழை வருமா?" என்றுதான் கேட்பார். அதனால் 19 பேர் என்று ஒரு எண்ணாக எழுதாதீர்கள். ஆள் வாரியாக, என்ன வேலை, அந்த வேலை நின்றால் என்ன நிற்கும் என்று எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் நிஜமாகவே வேலை இல்லாத ஒன்றிரண்டு இடம் தென்படலாம். தென்பட்டால் அதையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஐந்து பேர். எழுதலாமா என்று தயங்குகிறீர்கள். எழுதத்தான் வேண்டும். உங்கள் சராசரிச் சம்பளம் 62,000; ஐந்து பேருக்கு 3,10,000. வவுச்சர் மொத்தத்தைவிடப் பெரிய தொகை. இதை விட்டுவிட்டு எழுதும் குறிப்பை யார் நம்புவார்கள்? ஆனால் எழுதும் விதம் முக்கியம். பெயரடையே வேண்டாம். "முறைகேடாக", "செல்வாக்கால்" என்றெல்லாம் ஒரு வார்த்தை வரக்கூடாது. பதவி, எந்தத் தேதியிலிருந்து, எந்த உத்தரவு எண்ணில், எங்கே, மாதச் சம்பளம் எவ்வளவு. ஐந்து வரி அட்டவணை, அவ்வளவுதான். உத்தரவு எண் இல்லாதவருக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அது தானே பேசும்.

இதிலும் நான் சொன்ன மூன்று பத்தியை மறக்கக்கூடாது. அவர்கள் சம்பளத்தை வேலை வாங்கும் அலுவலகமே கொடுக்கட்டும் என்றால், உங்கள் சொசைட்டிக்கு மிச்சம். அரசின் மொத்தக் கணக்கில் ஒரு பைசா மிச்சமில்லை. அது மாற்றியதுதான். நியாயமான மாற்றம், ஆனால் மாற்றம் என்றே எழுதுங்கள். அதைவிட நல்ல வழி, அவர்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மூன்று பேர் ஓய்வு பெறும்போது அந்த இடங்களுக்குப் புது ஆள் கேட்காமல் இவர்களை வைத்தே ஓட்டலாம். அப்போதுதான் நிஜ வெட்டு. ஓய்வு பெறுபவர்கள் சீனியர்கள், ஆளுக்கு 90,000 என்று வைத்தால் மாதம் 2,70,000 குறையும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள். ஓய்வு பெறும் வருடத்தில் செலவு குறையாது, ஏறும். 33 வருட சர்வீஸ் முடித்தவருக்கு மத்திய அரசு விதிப்படி பணிக்கொடை பதினாறரை மாதச் சம்பளம்: 90,000 என்றால் 14,85,000. விடுப்புப் பணம் அங்கே 300 நாள் வரை, அதாவது பத்து மாதம், 9 லட்சம். ஆளுக்கு 23,85,000. மூன்று பேருக்கு 71,55,000. இந்தப் பணம் எப்படியும் கொடுக்க வேண்டியது, நீங்கள் ஆள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஆனால் மாதம் 2,70,000 மிச்சமாகும் என்று மட்டும் எழுதி இதை எழுதாமல் விட்டால், 14 மாதம் கழித்து "சேமிப்பு எங்கே?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். சொசைட்டியில் இதற்கென்று தனி நிதி ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லை என்றால் குறிப்பின் முதல் பக்கத்திலேயே அதைப் போடுங்கள். மானியத்தில் ஓடும் இடங்களில் சம்பளம் நிற்பதைவிட அதிகம் பேரை அழவைப்பது இந்தப் பணம்தான். புதுச்சேரியில் ஆலைகளிலும் கூட்டுறவு நிறுவனங்களிலும் வேலை பார்த்து, ஓய்வுப் பணத்துக்கு அலைந்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மானியம் ஏன் இறுகுகிறது என்பதையும் ஒரு வரியாவது புரிந்துகொள்ளுங்கள், அதிகாரியிடம் பேசும்போது உதவும். மாநிலங்களுக்கு மத்திய வரியில் நிதிக்குழு சொல்லும் பங்கு உண்டு. புதுச்சேரிக்கு அதில் இடமில்லை. சொந்த வரி, மத்திய அரசு கொடுக்கும் மானியம், கடன். ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. அரசுத் துறை ஊழியர் சம்பளத்தில் கை வைக்க முடியாது என்பதால், பற்றாக்குறை முதலில் விழுவது உங்களைப் போன்ற சொசைட்டிகளின் தலையில்.

படிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மத்திய அரசின் படிகள் உங்கள் ஊழியருக்கு எந்தத் தீர்மானத்தால் பொருந்துகின்றன என்று பழைய ஆட்சிக்குழு நடவடிக்கைக் குறிப்பைத் தேடி எடுங்கள். அரசுத் துறை ஊழியருக்கு உத்தரவு தானாக வரும். சொசைட்டிக்கு அப்படி இல்லை, ஆட்சிக்குழு ஏற்றுக்கொண்டால்தான். ஏற்றது ஆட்சிக்குழு என்றால் குறைப்பதும் ஆட்சிக்குழுதான். கண்காணிப்பாளர் வாய்மொழி உத்தரவில் பே பில்லில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. உங்கள் தலையில் விடியாமல் இருக்க இதுதான் முதல் வழி.

படிகளைச் சீர்படுத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஏழாவது சம்பளக் குழு 196 படிகளை எடுத்துப் பார்த்து 52-ஐ ஒழிக்கவும் 36-ஐ வேறு படிகளோடு சேர்க்கவும் சொன்னது. துவைப்புப் படி தனியாக இருந்தது, உடைப் படிக்குள் போனது. சைக்கிள் படிகூட அதுவரை உயிரோடு இருந்தது! நானும் என் பங்குக்குச் சில வருடம் அதைப் பாஸ் செய்திருக்கிறேன், சைக்கிளே இல்லாத ஆட்களுக்கு. இந்த மாதிரிக் களை உங்கள் பே பில்லிலும் இருக்கும். மதிப்பூதியம், விடுமுறை நாள் கூடுதல் பணி, அதிகாரிகளின் செல்போன் பில், வீட்டுக்கு வரும் பத்திரிகை. இவற்றை மேலிருந்து எடுங்கள். 2020-இல் நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளத்தையே ஒரு வருடத்துக்கு 30 சதவீதம் குறைத்தார்கள். அதில் எவ்வளவு மிச்சமானது என்பது பெரிய விஷயம் இல்லை. கீழே இருப்பவன் முணுமுணுக்கும்போது காட்ட ஒரு காகிதம் அது.

தொடக்கூடாதது என்று நான் நினைப்பது போக்குவரத்துப் படி, கீழ்நிலை ஊழியரின் மட்டுமாவது. கடைசி இரண்டு நிலையில், 24,200 ரூபாய்க்குக் குறைவான அடிப்படைச் சம்பளத்தில் இருப்பவருக்குப் புதுச்சேரியில் அது மாதம் 900 ரூபாயும் அதன் மேல் அகவிலைப்படியும்தான். பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு அது பஸ் காசு. வீட்டு வாடகைப் படி பெரிய தொகை, 30,000 அடிப்படைச் சம்பளத்துக்கு 20 சதவீதம் என்றால் 6,000, கைவைக்க ஆசை வரும். வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்க மாட்டாரே? குழந்தைகள் கல்விப் படியும் அப்படித்தான். விடுமுறைப் பயணச் சலுகையை ஒரு வருடம் ஒத்திவைக்கலாம், ஆனால் அதை இரண்டாவது பத்தியில் எழுதுங்கள்.

வாடகைக் கார் இரண்டும் சேர்ந்து 76,000. சம்பளத் தலைப்பில் இல்லை, அதனால் கேட்ட கேள்விக்கு வெளியே என்பார்கள். இருக்கட்டும். ஆறு வவுச்சர் ஊழியரின் மாதக் கூலி அது. ஒரு காரை நிறுத்தினால் மூன்று பேர் பிழைப்பார்கள் என்று எழுத வேண்டாம், 38,000 ரூபாய் என்று மட்டும் எழுதுங்கள். வகுத்துப் பார்க்க அவர்களுக்கும் தெரியும்.

வழக்கு பற்றி. படியை நிறுத்துவது வேறு, செய்த வேலைக்கான சம்பளத்தைப் பிடித்துவைப்பது வேறு. 2020-இல் கேரள அரசு மாதம் ஆறு நாள் சம்பளத்தை ஐந்து மாதத்துக்கு ஒத்திவைக்க உத்தரவு போட்டது. சட்டத்தின் துணை இல்லை என்று உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது, பிறகு அவசரச் சட்டம் கொண்டுவந்துதான் செய்தார்கள். ஆந்திராவில் மார்ச், ஏப்ரல் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் ஒரு பகுதியை ஒத்திவைத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 6 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொன்னது. அரசுக்கே அப்படி என்றால் சொசைட்டி எம்மாத்திரம்? "அடுத்த மூன்று மாதம் சம்பளத்தில் 15 சதவீதம் பிடித்து வைப்போம்" என்று யாராவது சுலப வழி சொன்னால், அது வட்டியோடு திரும்பி வரும் கடன் என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

வவுச்சர் ஊழியர் விஷயத்தில், முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்த தற்காலிக ஊழியர் நிரந்தரம் கோர முடியாது என்ற 2006-இன் உமாதேவி தீர்ப்பைக் காட்டி "அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை" என்று சொல்வது எல்லா அலுவலகத்திலும் வழக்கம். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், மத்திய நீர் ஆணையத்தில் வருடக்கணக்கில் தற்காலிகம் என்ற பெயரில் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நீண்டகால ஊழியரை அலைக்கழிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். உங்கள் 19 பேரில் பத்து வருடம் தாண்டியவர்கள் எத்தனை? அந்த எண் தெரியாமல் பட்டியல் போடாதீர்கள். தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வாருங்கள், அந்தச் செலவு தண்டம் இல்லை.

2003 ஜூலையை நினைத்துப் பார்க்கிறேன். சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்துத் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம், சுமார் 1.7 லட்சம் பேர் பணிநீக்கம். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்றது. அதே சமயம் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சட்டப்படி யார் ஜெயித்தார்கள் என்பது இருக்கட்டும். கடலூரில் அந்த ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் மளிகைக் கடைப் பாக்கியோடு நின்றவர்கள், அப்புறம் பல வருடம் எந்த அரசு சொன்ன எந்த நிதிநிலைக் கணக்கையும் நம்பவில்லை. உங்கள் குறிப்பை அதிகாரியிடம் வைப்பதற்கு முன் ஊழியர் சங்கத்தாரிடம் காட்டச் சொல்வது விதியில் இல்லை. ஆனால் மானியம் எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது என்ற இரண்டு எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி கேளுங்கள். கொடுத்தால் நல்லது.

ஆக உங்கள் 4,24,800-க்கு வழி இப்படித்தான் வரும்: ஐந்து பேர் 3,10,000, கார்கள் 76,000. மீதி 38,800-ஐ மதிப்பூதியத்திலும் செல்போனிலும் தேடினால் கிடைக்கும். இதில் முதல் தொகை இன்று மாற்றியது; 14 மாதம் கழித்து ஐந்து பேரையும் திரும்ப வாங்கி, ஓய்வு பெற்ற மூவரின் இடத்தை நிரப்பாமல் விட்டால், 2,70,000 வெட்டியதாக மாறும். அதை அப்படியே எழுதுங்கள். அதிகாரிக்குப் பிடிக்காமல் போகலாம். "ஐந்து பேர் விஷயத்தை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பு" என்று கோப்பில் எழுதினால் அது அவர் கையெழுத்து. வாயால் சொன்னால், "வாய்மொழி அறிவுறுத்தலின்படி" என்று தேதியோடு சேர்த்து எழுதி மறுபடி வையுங்கள். 19 பேரின் வேலை விவரத்தையும் அவர்கள் முதன்முதலில் வேலைக்கு வந்த தேதியையும் இணைப்பாக வைக்க மறக்காதீர்கள். குறிப்பின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

வீட்டம்மாவுக்கு: சரண்டர் செய்யச் சொல்லுங்கள், இந்த முறையே. சேர்த்து வைத்தால் இரண்டு வருடத்துக்குள் 240-ஐத் தொட்டுவிடும், அதற்கு மேல் சேருவது எல்லாம் வீண். 15 நாளைப் பணமாக்கிக்கொண்டு, மிச்சத்தில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் நிஜமாகவே விடுப்பு எடுக்கட்டும். அந்த 48 நாளில் கொஞ்சமாவது அப்படித் திரும்பி வரும். விண்ணப்பம் கொடுக்கும் முன் விடுப்புக் கணக்கைப் பணிப்பதிவேட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்திவைத்திருந்த வருடங்களில் நிறைய அலுவலகங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.